எழுத்தில்லாச் சின்னமும் மார்க்கஸ் சாமுவேலும்



ஆண்டு மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் நாட்டுத் தலைவர் ஒருவரையோ, புலவர் ஒருவரையோ, அறிவியல் மேதை ஒருவரையோ தேர்ந்தெடுப்பர். வணிகவியல் பயிலும் நான் ஒரு வணிகரைத் தேர்ந்தெடுத்துள்ளேன். உலகின் பல நாடுகளிலும் பெட்ரோல் நிலையங்களின் முகப்பில் மஞ்சளும் சிவப்புமாக விளங்கும் ஷெல் நிறுவனத்தின் சிப்பியைப் பார்க்காதவர் குறைவு. அந்தச் சிப்பியை வணிக உலகுக்குத் தந்த மார்க்கஸ் சாமுவேலே அவர். அவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியவர், எழுதப் படிக்கத் தெரியாத என் தாத்தா.

தாத்தா எங்கள் ஊரில் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தவர். என் தந்தை மறைந்தபின் என்னை வளர்த்தவரும் அவரே. இக்கல்லூரியில் நான் சேர வந்த நாளில், காப்பாளர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் அவர் இடக்கைப் பெருவிரலை மைப்பெட்டியில் ஒற்றி வைத்தார். வரிசையில் பின்னால் நின்ற மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீடு திரும்பும்வரை நான் அவருடன் சரியாகப் பேசவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு அவருடைய கண் சிகிச்சைக்காக இருவரும் பேருந்தில் சென்றோம். நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பெட்ரோல் நிலையத்தைக் கண்டதும் தாத்தா என் தோளைத் தட்டிக் காட்டினார். அது நம் சீமெண்ணெய்க் கம்பெனி என்றார். நான் வழக்கம்போல் பெயர்ப்பலகையைத் தேடினேன். உயரத்தில் இருந்த அந்தச் சின்னத்தில் எழுத்தே இல்லை. சிப்பி மட்டுமே இருந்தது. 1976-க்கு முன் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு பக்கத்து நகரத்துக் கிடங்கிற்குச் சென்று மண்ணெண்ணெய் வாங்கி வந்தவர் அவர். அந்தக் கிடங்கின் வாயிலில் இருந்த சிப்பிப் பலகையை ஐம்பது ஆண்டுகளாயும் அவர் மறக்கவில்லை. கண்ணில் புரை விழுந்த முதியவர் கண்டுகொண்டதை, பட்டப் படிப்புப் படிக்கும் நான் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சிப்பியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அன்று பிறந்தது. கல்லூரி நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடிப் படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சிப்பி விற்ற தந்தை

மார்க்கஸ் சாமுவேல் 1853-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியான ஒயிட்சாப்பலில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தையின் பெயரும் மார்க்கஸ் சாமுவேல்தான். தந்தையார் பழம்பொருள்களும் விந்தைப் பொருள்களும் விற்கும் கடை வைத்திருந்தார். இலண்டன் துறைமுகத்தில் வந்திறங்கும் கப்பல்கள் கீழ்த்திசை நாடுகளிலிருந்து பளபளக்கும் சிப்பிகளையும் சங்குகளையும் கொண்டுவந்தன. அக்காலத்து ஆங்கிலேயருக்கு அவற்றின்மேல் பெரும் மோகம். தந்தையார் அவற்றை வாங்கி, சிறு பெட்டிகளின்மேல் அழகுற ஒட்டச் செய்து விற்றார். கடற்கரைக்கு ஓய்வெடுக்கச் செல்லும் மக்கள் நினைவுப் பொருளாக அவற்றை வாங்கிச் சென்றனர்.

இளைய மார்க்கசுக்கு இருபது வயது நிறைவதற்கு முன்பே தந்தையார் காலமானார். பெருஞ்செல்வம் எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. ஆனால் கீழ்த்திசைத் துறைமுகங்களில் இருந்த வணிகக் குடும்பங்களின் நட்பையும், சொன்ன சொல் தவறாதவர் என்ற நற்பெயரையும் விட்டுச் சென்றார். மார்க்கசும் அவருடைய தம்பி சாமுவேல் சாமுவேலும் அந்த நட்பையே முதலாகக் கொண்டு தொழிலைத் தொடர்ந்தனர். தம்பி ஜப்பானின் யோகோஹாமா நகரில் தங்கி வணிகம் நடத்த, அண்ணன் இலண்டனில் இருந்துகொண்டு அரிசி, பட்டு, இயந்திரங்கள் எனக் கைக்குக் கிடைத்த பொருள்களிலெல்லாம் வாணிகம் செய்தார். 1881-ஆம் ஆண்டு ஃபேனி பெஞ்சமின் என்னும் பெண்மணியை மணந்தார்.

சூயசைக் கடந்த கப்பல்

அந்நாளில் உலகின் வீடுகளில் விளக்கெரித்தது மண்ணெண்ணெய். அதன் வாணிகத்தில் பெரும்பகுதி அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவிய ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. யாராவது போட்டிக்கு வந்தால், அவர் விற்கும் ஊரில் மட்டும் விலையைக் குறைத்து அவரை ஒழித்துவிட்டு, அந்த இழப்பை வேறோர் ஊரில் விலையை ஏற்றி ஈடுகட்டுவது அந்நிறுவனத்தின் முறை.

1890-ஆம் ஆண்டு சாமுவேல் கருங்கடல் பகுதிக்குச் சென்றார். காக்கேசியப் பகுதியில் கிடைத்த உருசிய எண்ணெய் அங்கே குவிந்து கிடந்தது. தகரங்களில் அடைக்காமல், கப்பலின் வயிற்றையே தொட்டியாக்கி எண்ணெயை அப்படியே நிரப்பிக்கொண்டு போகும் கப்பல்களையும் அவர் அங்கே கண்டார். அத்தகைய கப்பல்களைச் சூயஸ் கால்வாய் வழியாகக் கீழ்த்திசைக்குச் செலுத்த முடிந்தால், ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் போட்டியாளரின் சரக்கைவிடக் குறைந்த செலவில் எண்ணெய் கொண்டுபோகலாம் என்று கணக்கிட்டார். ஆனால் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றினால் கால்வாயே அடைபட்டுவிடும் என்ற அச்சத்தால் அவற்றுக்கு அனுமதி இல்லாதிருந்தது. கால்வாய்க் குழுவினர் ஏற்கும்படியான பாதுகாப்புடன் புதுவகைக் கப்பல் ஒன்றை ஃபார்ட்டெஸ்கியூ ஃபிளானரி என்ற பொறியாளரைக் கொண்டு அவர் வடிவமைக்கச் செய்தார். கருங்கடல் கரையிலுள்ள பாட்டும் துறைமுகத்திலிருந்து எண்ணெய் தர ரோத்சைல்டு குடும்பத்தாருடன் 1891-இல் ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டார்.

1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவருடைய கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்தது. அவ்வழியே சென்ற முதல் எண்ணெய்த் தொட்டிக் கப்பல் அதுவே. சிங்கப்பூருக்கும் பாங்காக்கிற்கும் அது எண்ணெய் கொண்டுசென்றது. அந்தக் கப்பலுக்கு அவர் இட்ட பெயர் மியூரெக்ஸ். முள் நிறைந்த ஒருவகைச் சங்கின் பெயர் அது. அடுத்தடுத்து வந்த கப்பல்களுக்கும் சங்கு, மட்டி, சோழி என்று பொருள்படும் பெயர்களையே சூட்டினார். ஒயிட்சாப்பல் கடையில் சிப்பி விற்று அவரை வளர்த்த தந்தையின் நினைவு அதன் பின்னே இருந்தது. கரி பிடித்த எண்ணெய்க் கப்பல்களுக்குக் கடற்கரைச் சிப்பிகளின் பெயர்!

திரும்பும் பயணத்தில் தொட்டிகளை நீராவியால் கழுவித் தூய்மை செய்து, வேறு சரக்குகளை ஏற்றிவரவும் வழி செய்தார். எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே காலத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கட்டி ஒரே காலத்தில் விற்கத் தொடங்கினார். ஓர் ஊரில் விலையைக் குறைத்து மற்றோர் ஊரில் ஏற்றும் பழைய தந்திரம் அவரிடம் செல்லவில்லை.

நீலத் தகரமும் சிவப்புத் தகரமும்

இவ்வளவு திட்டமிட்ட சாமுவேல் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். வணிகவியல் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இது.

மலிவான எண்ணெய் வந்துவிட்டால் மக்கள் தாங்களே பாத்திரம் கொண்டுவந்து வாங்கிக்கொள்வார்கள் என்று அவர் நினைத்தார். அவ்வாறு நடக்கவில்லை. ஸ்டாண்டர்டு நிறுவனம் தன் எண்ணெயை நீல நிறத் தகர டின்களில் அடைத்து, மரப்பெட்டிக்கு இரண்டாக அனுப்பிவந்தது. கீழ்த்திசை மக்களுக்கு எண்ணெயைப் போலவே அந்த டின்னும் தேவையாக இருந்தது. காலி டின்னை விரித்துக் கூரை வேய்ந்தார்கள். வெட்டி விளக்கும் முகவையும் புனலும் செய்தார்கள். நம் ஊர்களிலும் எண்ணெய் டின்னுக்குக் குறுக்கே கட்டை அடித்துத் தண்ணீர் சுமந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். டின் இல்லாத எண்ணெயை வாங்க ஆளில்லை.

செய்தி அறிந்ததும் சாமுவேல் தயங்கவில்லை. தகரத் தகடுகளைக் கப்பல் கப்பலாக அனுப்பி, அந்தந்த ஊரிலேயே டின்கள் செய்வித்தார். அவற்றுக்குப் பளிச்சென்ற சிவப்பு வண்ணம் பூசச் செய்தார். தொலைதூரம் பயணம் செய்து துருப்பிடித்து நசுங்கி வந்த நீல டின்களுக்கு அருகே, அங்கேயே செய்து அங்கேயே வண்ணம் தீட்டிய சிவப்பு டின்கள் புத்தம் புதிதாக விளங்கின. சில ஆண்டுகளில் கீழ்த்திசை ஊர்களின் கூரைகளில் நீலத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் தோன்றியது.

இதில் எனக்குத் தோன்றும் உண்மை ஒன்றுண்டு. மண்ணெண்ணெய் என்பது கண்ணால் பார்த்து இன்னாருடையது என்று பிரித்தறிய முடியாத பொருள். புகை கக்குமா, நின்று எரியுமா, கலப்படமா என்பதெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரியில் ஏற்றிய பிறகே தெரியும். ஆகவே வாங்குபவர் எண்ணெயைப் பார்த்து வாங்குவதில்லை. சென்ற முறை நன்றாக எரிந்த எண்ணெயின் அடையாளத்தைப் பார்த்து வாங்குகிறார். பாங்காக், ஷாங்காய், கோபே, சிங்கப்பூர், இந்தியா என்று ஊருக்கு ஊர் எழுத்து வேறு. எந்த மொழியில் பெயரை எழுதினாலும் பாதிப் பேருக்குப் புரியாது. அந்தந்த மொழியில் எழுதினாலும் அன்று படிக்கத் தெரிந்தவர் சிலரே. சிவப்பு நிறத்துக்கோ எந்த மொழியும் தேவைப்படவில்லை.

பெயரும் படமும் ஒன்றானது

1897-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சாமுவேல் தம் எண்ணெய் வணிகத்தையெல்லாம் ஒன்றாக்கி ஷெல் போக்குவரத்து வணிக நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஷெல் என்பதற்குச் சிப்பி என்பதே பொருள். பிறர் தம் பெயரையோ, ஊரின் பெயரையோ நிறுவனத்துக்கு வைத்த காலத்தில் அவர் தந்தையின் கடைச் சரக்கின் பெயரை வைத்தார்.

1901-இல் நிறுவனத்தின் அடையாளமாக அமைந்தது சாதாரணமான ஒரு கடற்சிப்பியின் படம். 1904-இல் அது மாற்றப்பட்டு, விசிறிபோல் விரிந்து வரிவரியாக அமைந்த சிப்பியின் வடிவம் ஏற்கப்பட்டது. இந்த மாற்றத்தில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்புண்டு. சாமுவேலின் மண்ணெண்ணெயை இந்தியாவில் இறக்கி விற்றுவந்த கிரகாம் என்பவர் பின்னர் நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவரானார். ஸ்பெயின் நாட்டில் புனித யாக்கோபின் தலத்துக்கு யாத்திரை செல்வோர் அடையாளமாக அணிவது விசிறிச் சிப்பி. கிரகாமின் முன்னோர் ஒருவர் அந்த யாத்திரையை முடித்து வந்தபின் அவர்கள் குடும்ப முத்திரையில் அது இடம்பெற்றதாம். அந்த முத்திரையிலிருந்தே நிறுவனத்துக்கு இவ்வடிவம் வந்தது என்று கூறப்படுகிறது.

இச்சின்னம் ஏன் மனத்தில் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பெயரும் படமும் ஒன்றாக இருப்பது முதற்காரணம். படத்தைக் கண்டவர் பெயரைச் சொல்லிவிடுவார். பெயரைக் கேட்டவர் படத்தை நினைத்துவிடுவார். அடுத்து, அதன் வடிவம் மிக எளியது. இருபுறமும் ஒத்து, ஒரு புள்ளியிலிருந்து கதிர்போல் விரியும் அதை ஒரு குழந்தைகூட மணலில் வரைந்துவிடும். இவை இரண்டையும்விடப் பெரிது, மாறாமல் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. கப்பலிலும் கிடங்கிலும் வண்டியிலும் விளக்கிலும் ஒரே சிப்பி. ஒரு நாள் பார்த்த முகம் மறந்துபோகலாம்; நாள்தோறும் பார்த்த முகம் மறப்பதில்லை.

சாமுவேல் தொடங்கிய காலத்தில் வணிகச் சின்னத்துக்குச் சட்டப் பாதுகாப்பே புதியது. இங்கிலாந்தில் வணிகக் குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் 1875-இல் வந்தது. அடுத்த ஆண்டில் முதலில் பதிவானது பாஸ் என்ற மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். ஆனால் சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே எளிய மக்களிடம் இக்கலை இருந்தது. நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடும் குறிகளை எண்ணிப் பாருங்கள். நூறு வீட்டுத் துணி ஒன்றாக வெந்தாலும் வீடு மாறாமல் வந்து சேரும்.

ஏற்றமும் இறக்கமும்

சாமுவேலின் வாழ்வு தொடர்ந்து உயர்ந்தது. 1895-இல் கென்ட் மாவட்டத்தில் மோட் என்னும் பெருமாளிகையை வாங்கினார். 1898-இல் சூயஸ் கால்வாயின் முகப்பில் விக்டோரியஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் தரைதட்டி நின்றபோது, அவருடைய நிறுவனத்தின் இழுவைக் கப்பல் அதை மீட்டது. மீட்புக்கூலி எதையும் அவர் பெற்றுக்கொள்ளவில்லை. அவ்வாண்டே அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1902-இல் இலண்டன் மாநகரின் மேயரானார். கிழக்கு இலண்டனின் கடைக்காரர் மகன் மேயரின் பொன் தேரில் ஊர்வலம் வந்தார். ருமேனியாவில் யூதர்கள் துன்புறுத்தப்பட்ட காலம் அது. மேயரின் பெருவிருந்துக்கு எல்லா நாட்டுத் தூதர்களையும் அழைத்தபோது ருமேனியத் தூதரை மட்டும் அவர் அழைக்கவில்லை. பதவியின் பகட்டை விரும்பியவர்தான். ஆனால் தம் மக்களின் துயரை அந்தப் பகட்டில் மறந்தவர் அல்லர்.

ஆனால் அதே ஆண்டுகளில் தொழில் சரியத் தொடங்கியிருந்தது. 1901-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பீறிட்ட ஸ்பிண்டில்டாப் எண்ணெயை நம்பி நீண்டகால ஒப்பந்தம் செய்தார். அடுத்த ஆண்டே அந்த ஊற்று தளர்ந்தது. எண்ணெய்க்கென்று ஒதுக்கிய கப்பல்கள் சிலவற்றில் கால்நடைகளை ஏற்றவேண்டிய நிலை வந்தது. நிலக்கரிக்குப் பதிலாகப் போர்க்கப்பல்கள் எண்ணெயில் ஓட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. அதற்காக 1902-இல் ஹானிபல் என்ற போர்க்கப்பலில் சோதனை நடந்தது. எண்ணெய் எரியத் தொடங்கியதும் கப்பலே தெரியாதபடி கரும்புகை சூழ்ந்துகொண்டது. கடற்படையினர் தலையசைத்துவிட்டுச் சென்றனர். பிற்காலத்தில் உலகின் கடற்படைகளெல்லாம் எண்ணெய்க்கு மாறியபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது.

இன்னொரு குறையும் அவரிடம் இருந்தது. உலகளாவிய வணிகத்தைத் தம் குடும்பத்துக் கடையைப் போலவே நடத்தினார். ஒழுங்கான கணக்கும் நிருவாகமும் அமையவில்லை. அவருடைய போட்டியாளரான ராயல் டச்சு நிறுவனத்தின் தலைவர் ஹென்றி டெட்டர்டிங்கோ இளமையில் வங்கியில் கணக்கெழுதிப் பழகியவர். ஒவ்வொரு காசும் எங்கே போகிறது என்று அறிந்தவர். 1903-இல் இரு நிறுவனங்களும் விற்பனைக்காகக் கைகோத்தன. 1907-இல் முழுமையாக இணைந்தன. இணைப்பில் ராயல் டச்சுக்கு 60 பங்கு, ஷெல்லுக்கு 40 பங்கு. சமமாக இருக்க வேண்டும் என்று சாமுவேல் விரும்பியும் நடக்கவில்லை. தாம் படைத்த நிறுவனத்தின் கடிவாளம் அன்று அவர் கையைவிட்டுப் போனது. அவருக்கு அது ஆறாத வருத்தம்.

இங்கேதான் சின்னத்தின் வியப்பு தொடங்குகிறது. நிறுவனத்தைப் பெற்றவர்கள் நெதர்லாந்து நாட்டினர். ஆயினும் அவர்கள் அந்தச் சிப்பியை அகற்றவில்லை. கடைத்தெருவில் மக்கள் கண்டு பழகிய முகம் அது. அதை அழித்தால் அந்தப் பழக்கம் அழியும். மாற்றப்பட்டது உரிமையாளர், மாறாதது சிப்பி.

இறுதிக் காலம்

சாமுவேல் 1920 வரை ஷெல்லின் தலைவராக நீடித்தார். டெட்டர்டிங்குடன் இருந்த கசப்பும் காலப்போக்கில் நட்பாக மாறியது. முதல் உலகப் போரில் அவருடைய நிறுவனம் பெரும்பணி செய்தது. போர்னியோத் தீவின் எண்ணெயிலிருந்து வெடிமருந்துக்கு இன்றியமையாத டொலுவால் என்ற பொருளைப் பிரிக்க முடியும். அதற்கான ஆலை ராட்டர்டாமில் இருந்தது. 1915-இல் அதைப் பிரித்துக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து நிறுவினார்கள். அதே போரில் சாமுவேல் தம் இளைய மகனை இழந்தார். நாட்டுக்குச் செய்த பணிக்காக 1921-இல் பேர்ஸ்டெட் பிரபு என்ற பட்டமும் 1925-இல் அதனினும் உயர்ந்த பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டன.

1927-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16-ஆம் நாள் அவருடைய மனைவி காலமானார். மறுநாள் அவரும் கண்மூடினார். நாற்பத்தைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட இல்லறம் ஒரே நாள் இடைவெளியில் முடிவுற்றது.

சிப்பியின் பின்வாழ்வு

அவர் மறைந்தார், சிப்பி மறையவில்லை. 1915-இல் கலிபோர்னியாவில் பெட்ரோல் நிலையங்கள் அமைத்தபோது சிவப்பும் மஞ்சளும் அதற்கு நிறங்களாயின. ஸ்பானிய மரபுள்ள அம்மாநில மக்களுக்கு ஸ்பெயின் கொடியின் நிறங்கள் உகந்தவை என்று கருதியதாகச் சொல்வர். தொடக்கத்தில் உண்மைச் சிப்பியைப்போல் நுணுக்கமாக வரையப்பட்ட படம், ஆண்டுகள் செல்லச் செல்ல எளிமையானது. விரைந்து செல்லும் வண்டியிலிருந்தும் கண்ணில் பட வேண்டுமல்லவா? 1948 வாக்கில் சிப்பியின் நடுவிலேயே ஷெல் என்ற ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டன. 1971-இல் ரேமண்டு லோவி என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் சிப்பியைச் சில கோடுகளாகச் சுருக்கி, பெயரை அதன் கீழே இறக்கினார். 1999-இல் அந்தப் பெயரும் நீக்கப்பட்டது. அன்று முதல் சிப்பி தனியே நிற்கிறது.

நைக்கி என்ற காலணி நிறுவனம் தன் வளைகோட்டையும், ஸ்டார்பக்ஸ் என்ற காப்பி நிறுவனம் 2011-இல் தன் கடற்கன்னியையும், மாஸ்டர்கார்டு 2019-இல் தன் இரு வட்டங்களையும் பெயரின்றி நிறுத்தியதும் இந்த வழியில்தான். பெயரை நீக்குவது எளிது. நீக்கியபின்னும் அறியப்படுவது அரிது. முதல் நாளே எழுத்தில்லாச் சின்னத்தோடு கடை திறப்பவரை யாரும் அறியார். நெடுங்காலம் பெயரோடும் நல்ல சரக்கோடும் நடந்துவந்த சின்னமே ஒருநாள் பெயரைக் கழற்றி வைக்க முடியும்.

நம் நாட்டில் 1928-இல் பர்மா-ஷெல் என்ற கூட்டு நிறுவனம் அமைந்தது. 1976-இல் இந்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதுவே பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. தாத்தா வண்டி கட்டிச் சென்ற கிடங்கின் பலகையும் அப்போது மாறியது. இந்நூற்றாண்டில் ஷெல் மீண்டும் இங்கே பெட்ரோல் நிலையங்களைத் திறந்தது. இடையில் உள்ள ஆண்டுகளின் இடைவெளியை என் தாத்தாவின் கண் ஒரு நொடியில் தாண்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டு சனவரியில் அந்நிறுவனம் தன் பெயரிலிருந்து ராயல் டச்சு என்ற சொற்களை நீக்கி, ஷெல் என்று மட்டும் வைத்துக்கொண்டது. தலைமையகத்தையும் இலண்டனுக்கு மாற்றியது. 1907-இல் 40 பங்குடன் தலைகுனிந்த மனிதரின் பெயரே 115 ஆண்டுக்குப்பின் எஞ்சியது.

நான் கற்றது

சின்னத்தின் புகழை மட்டும் பாடி முடித்தால் அது விளம்பரமாகிவிடும். அறியப்படுவது என்பது இருபுறமும் கூரான வாள். 1995-இல் பயன்முடிந்த பிரென்ட் ஸ்பார் என்னும் எண்ணெய் மிதவையைக் கடலிலேயே ஆழ்த்த ஷெல் முடிவு செய்தது. கடல் மாசுபடும் என்று மக்கள் கொதித்தெழுந்தனர். ஜெர்மனியில் வண்டியோட்டிகள் அந்நிறுவனத்தின் பெட்ரோல் நிலையங்களைப் புறக்கணித்தனர். எதைப் புறக்கணிப்பது என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. தொலைவிலேயே சிப்பி தெரிந்தது. நிறுவனம் தன் முடிவைக் கைவிட்டது. நன்மையை நினைவூட்டும் அதே சின்னம் குற்றத்தையும் நினைவூட்டும். சின்னம் ஒரு வாக்குறுதி. வாக்குத் தவறினால் அதுவே சாட்சி.

இவற்றையெல்லாம் படித்து முடித்த விடுமுறையில் தாத்தாவின் பழைய கடைக்குள் சென்றேன். இப்போது அங்கே விறகும் தட்டுமுட்டுச் சாமான்களும்தான் கிடக்கின்றன. உட்சுவரில் கரிக்கோடுகள் மங்கலாக இருந்தன. சிறுவயதில் அவற்றை நான் கிறுக்கல் என்று நினைத்ததுண்டு. அவை என்ன என்று அன்றுதான் கேட்டேன். தாத்தா கட்டிலில் இருந்தபடியே விளக்கினார். பானை வரைந்திருந்தது குயவர் வீடு. கலப்பை வரைந்திருந்தது மேலத்தெருப் பண்ணையாள் வீடு. கொண்டை போட்ட தலை கைம்பெண்ணாகத் தனித்திருந்த ஒரு பாட்டியின் வீடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள கோடுகள் கடனாகக் கொடுத்த சீமெண்ணெயின் அளவு. கோடு அடித்தவை தீர்ந்த கடன். அந்தப் பாட்டியின் கோடுகள் மட்டும் அடிக்கப்படாமலே இருந்தன. கேட்டதற்கு, அவர் இறந்துவிட்டார், கேட்க மனமில்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

எழுத்தறியாத ஒருவர் முப்பது வீட்டுக் கணக்கை ஒரு சுவரில் பிசகாமல் வைத்திருந்திருக்கிறார். உலகப் பெரு நிறுவனங்கள் இன்று பெயரை நீக்கிவிட்டு வந்து சேரும் இடத்தில் அவர் என்றோ நின்றிருக்கிறார். அவரைப் போன்ற கோடிக்கணக்கானவர்களின் கண்களே சிவப்பு டின்னையும் சிப்பியையும் வாழவைத்தன. அந்தக் கண்கள் பார்த்து, நினைவில் வைத்து, மீண்டும் தேடி வராவிட்டால் சாமுவேலின் கப்பல்கள் எண்ணெயோடு துறைமுகத்திலேயே நின்றிருக்கும்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தாத்தாவே அதை ஒப்பமாட்டார்; என்னைப் படிக்க வைத்தவர் அவர். எழுத்தறியாமையை ஒழிப்பது நம் கடமை. ஆனால் எழுத்தறியாதவரை அறிவில்லாதவர் என்று எண்ணுவது நம் அறியாமை. சேர்க்கை நாளில் முகம் சுருங்கிய நான் இதைத் தெரிந்துகொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின.

அடுத்த திங்களில் இறுதித் தேர்வு விண்ணப்பத்தில் காப்பாளர் ஒப்பம் வேண்டும். தாத்தாவை நானே அழைத்து வரப்போகிறேன். மைப்பெட்டியையும் நானே அவர் முன் நீட்டுவேன்.